கண்ணைக் காப்பதா, எடுப்பதா? விழிக்குள் கட்டி: கதிர்வீச்சும் அறுவைச் சிகிச்சையும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலக்கண்ணில் மின்னல் போல் ஒளிக்கீற்றுகள் தெரிவதாகச் சொன்னதால் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம். விழியின் உட்புறத்தில் மெலனோமா என்னும் புற்றுக்கட்டி இருப்பதாகவும், அது 6.8 மில்லிமீட்டர் தடிமனும் 12 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்றும், பார்வையின் மையப்பகுதிக்கு அருகில் உள்ளது என்றும் மருத்துவர் கூறினார். வலக்கண் பார்வை 6/18, இடக்கண் 6/6. கண்ணின் மேல் கதிர்வீச்சுத் தகடு வைக்கலாம் அல்லது கண்ணையே எடுத்துவிடலாம், இரண்டு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்கிறார். கரண்ட் வைத்தால் வேர் உள்ளேயே தங்கிவிடும், எடுத்துவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு என்று மாமா உறுதியாகச் சொல்கிறார். கத்தி பட்டால்தான் புற்று பரவும் என்று அண்ணன் அஞ்சுகிறார். சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்காமலே புற்று என்று சொல்லிவிட்டார்களே, அதை நம்பலாமா? எந்தச் சிகிச்சை அம்மாவைக் காப்பாற்றும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களை வாட்டும் முதல் அச்சத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு உள்ள அளவிலான கட்டியைப் பொறுத்தவரை, கதிர்வீச்சுத் தகடு வைத்தாலும் கண்ணை எடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான். 'கண்ணா, உயிரா' என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதம் உண்மையில் இல்லாத ஒரு பேரத்தைப் பற்றியது. நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வேறொன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நோயின் இயல்பைச் சற்று விளக்கிவிடுவது நல்லது. கண்ணின் வெண்மையான வெளிச்சுவருக்கும் உள்ளே ஒளியை வாங்கும் விழித்திரைக்கும் நடுவில், இரத்தக் குழாய்கள் நிறைந்த கோராய்டு என்னும் படலம் இருக்கிறது. அதிலுள்ள நிறமிச் செல்களில் தோன்றுவதே இந்த மெலனோமா. விழிக்குள் நிணநீர்க் குழாய்கள் கிடையாது. ஆகவே பரவினால் இரத்தத்தின் வழியாகத்தான் பரவும், அப்படிப் பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் கல்லீரலில் அது தென்படும். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவுவதில்லை. இரு கண்களிலும் இது தோன்றுவது மிக மிக அரிது. இடக்கண்ணைப் பற்றிக் கவலை இருந்தால் அதை அந்த வகையில் விட்டுவிடலாம்.

சதைத்துணுக்கு எடுக்காமல் நோயை முடிவு செய்தது குறித்துக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உடலின் பெரும்பாலான உறுப்புகளில் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்காமல் புற்று என்று சொல்ல மாட்டோம். கண் ஒரு விலக்கு. பாவையை விரித்துவிட்டு நேராகவே கட்டியைப் பார்க்க முடிகிறது. ஒலியலை ஸ்கேனில் அதன் வடிவமும், அலையை அது உள்வாங்கும் விதமும் தெரிகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், இவ்வாறு பார்த்து மெலனோமா என்று முடிவு செய்து எடுக்கப்பட்ட கண்களைப் பிறகு ஆய்வகத்தில் சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் கணிப்பு சரியாகவே இருந்தது. ஆகவே அனுபவமுள்ள கண் புற்றுநோய் மருத்துவர் சொல்லியிருந்தால் நம்பலாம். மனம் ஒப்பவில்லையென்றால் இதே துறையில் உள்ள இன்னொரு மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை. இரண்டு மூன்று வாரத் தாமதத்தால் தீங்கு வந்துவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் கூடாது.

இப்போது மாமாவின் பேச்சுக்கும் அண்ணனின் பேச்சுக்கும் வருகிறேன். இருவரும் அறியாமையால் பேசுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் சொல்லும் இரண்டையும் மருத்துவர்களே ஒரு காலத்தில் தமக்குள் வாதிட்டிருக்கிறார்கள். நூறாண்டுகளுக்கும் மேலாக, கண்ணை எடுப்பதே இந்நோய்க்கு ஒரே வழி என்று கருதப்பட்டது. 1930ஆம் ஆண்டு வாக்கில் லண்டனைச் சேர்ந்த ஃபாஸ்டர் மூர் என்ற மருத்துவர் ரேடான் என்னும் கதிரியக்க வாயு அடங்கிய 'விதைகளை'க் கட்டிக்குள் வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார். தகடு சிகிச்சையின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. பிறகு 1978இல் சிம்மர்மன், மெக்லீன், ஃபாஸ்டர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், கண்ணை எடுத்த இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் இறப்பு கூடுவதைக் கவனித்து, அறுவையின்போது கண்ணில் ஏற்படும் அழுத்தமே செல்களை இரத்தத்தில் தள்ளிவிடுகிறதோ என்ற ஐயத்தை எழுப்பினார்கள். அண்ணனின் அச்சம் அதுவேதான். அந்த ஐயம் உலகெங்கும் அறுவை மருத்துவர்களின் கையை நடுங்க வைத்தது.

இதைத் தீர்க்கத்தான் மேலே சொன்ன ஆய்வு நடந்தது. கூட்டு விழி மெலனோமா ஆய்வு என்று அதைத் தமிழில் சொல்லலாம். அம்மாவுக்கு இருப்பதைப் போன்ற நடுத்தர அளவுக் கட்டி, அதாவது தடிமன் 2.5 முதல் 10 மில்லிமீட்டர் வரையும் அகலம் 16 மில்லிமீட்டருக்கு மிகாமலும் உள்ளவர்கள் 1,317 பேரை 1987க்கும் 1998க்கும் இடையில் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அயோடின்-125 தகடு வைத்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணை எடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் தகடு வைத்தவர்களில் நூற்றுக்கு 18, கண்ணை எடுத்தவர்களில் 19. பன்னிரண்டு ஆண்டு முடிவில் அது 43, 41 என்றிருந்தது. இந்த மெலனோமா பரவியதால் மட்டும் இறந்தவர்களைத் தனியே கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டில் தகடு வைத்தவர்களில் 21, எடுத்தவர்களில் 17 வருகிறது. நூற்றுக்கு நான்கு என்ற இந்த வேறுபாட்டைப் பார்த்து மாமா 'பார்த்தாயா' என்று சொல்லக்கூடும் என்பதால் விளக்கிவிடுகிறேன்: இத்தனை பேரை வைத்துப் பார்க்கும்போது, அந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான் என்று புள்ளியியல் காட்டுகிறது. பெரிய கட்டி உள்ள 1,003 பேரிடம் நடந்த இணை ஆய்வில், கண்ணை எடுக்கும் முன் கதிர்வீச்சு கொடுத்துச் செல்களை முடக்கிவிட்டு எடுத்தாலும், நேரடியாக எடுத்தாலும், உயிர் வாழ்வதில் வேறுபாடு இல்லை. கத்தி பட்டுப் பரவுவது உண்மையாக இருந்தால் அங்கே வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் இரண்டும் ஒன்றாக வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். கட்டி நம் கண்ணுக்குத் தெரியும் காலத்துக்கு முன்பே, பரவக்கூடிய தன்மையுள்ள கட்டியிலிருந்து சில செல்கள் இரத்தத்தில் கலந்து கல்லீரலில் போய் உறங்கத் தொடங்கிவிடுகின்றன என்றே இத்துறையினர் பெரும்பாலும் கருதுகிறார்கள். பரவுமா, பரவாதா என்பதைக் கட்டியின் அளவும் அதன் மரபணுக்களும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. நாம் விழியில் செய்யும் சிகிச்சையின் வகை அதை மாற்றிவிடுவதில்லை. மருத்துவராக இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டால்தான் பிற்காலத்தில், வேறு சிகிச்சையைத் தேர்ந்திருக்கலாமே என்ற குற்ற உணர்ச்சியில் உங்கள் குடும்பத்தில் யாரும் கிடந்து வேகாமல் இருப்பீர்கள்.

இனி, தகடு வைப்பது என்றால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நாணயத்தைச் சற்றே குழித்துக் கிண்ணம் போலாக்கினால் எப்படியிருக்கும், அப்படியொரு சிறிய தகடு. அயோடின் தகட்டின் முதுகு பெரும்பாலும் பொன்னால் ஆனது. கதிர்கள் வெளிப்பக்கம் போகாமல் அது தடுக்கும். குழிந்த பக்கத்தில் அரிசிமணியினும் சிறிய கதிரியக்க விதைகள் பதிந்திருக்கும். அறுவை அறையில் விளக்கொளியைக் கண்ணுக்குள் செலுத்தினால் விழி முழுவதும் செம்மையாக ஒளிரும். கட்டி இருக்கும் இடம் மட்டும் வெண்சுவரின்மேல் கரிய நிழலாக விழும். அந்த நிழலின் ஓரத்தை மையால் வரைந்துகொள்வோம். உடனே உண்மைத் தகட்டை எடுப்பதில்லை. கதிரியக்கமில்லாத, அதே அளவுள்ள மாதிரித் தகட்டை வைத்துத் தையல் இடங்களைச் சரிபார்த்த பிறகே உண்மையானதைப் பொருத்துவோம். தேவைப்பட்டால் கண்ணை அசைக்கும் தசையொன்றைத் தற்காலிகமாகப் பிரித்து வைப்போம். தகடு சில நாட்கள், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்கள், அங்கேயே இருக்கும். அந்த நாட்களில் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் அம்மாவின் அருகில் இருக்கக் கூடாது. பிறகு இரண்டாவது சிறு அறுவையில் தகட்டை எடுத்துவிடுவோம். எடுத்த நொடியிலிருந்து அம்மாவின் உடலில் கதிரியக்கம் எதுவும் கிடையாது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ருத்தேனியம்-106 தகடு என்றும் ஒன்று உண்டு. அதன் கதிர்கள் அதிக ஆழம் போகாதவை. ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனுக்கு உட்பட்ட கட்டிகளுக்கே அது பொருந்தும், சுற்றியுள்ள திசுக்களையும் அது அதிகம் சுடாது. அம்மாவின் கட்டி 6.8 மில்லிமீட்டர் என்பதால் எந்தத் தனிமத் தகடு வைக்கப்போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அயோடின் தகடு கிடைக்காத இடமாக இருந்தால் அது கிடைக்கும் மருத்துவமனைக்குப் போவது பயணச் சிரமத்துக்குத் தகும். தகடு இல்லாமல் வெளியிலிருந்து கருவியால் செலுத்தும் புரோட்டான் கதிர்ச் சிகிச்சை 1975 முதல் பாஸ்டனில் கண் மெலனோமாவுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. கட்டியின் எல்லையைக் காட்டச் டான்டலம் என்னும் உலோகத்தாலான சிறிய வளையங்களை வெண்சுவரில் தைத்துவிட்டு, நான்கைந்து அமர்வுகளில் கதிரைச் செலுத்துவார்கள். பார்வை நரம்பை ஒட்டியுள்ள கட்டிகளுக்கு அது சிறப்பாகப் பயன்படும். கருவி உலகில் மிகச் சில இடங்களிலேயே இருக்கிறது. கண்ணை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவையும் உண்டு. அது தேர்ந்தெடுத்த சிலருக்கு, மிகுந்த பயிற்சியுள்ளவர்கள் மட்டும் செய்வது. பெரும்பாலும் அதனுடன் கதிர்வீச்சும் சேர்ந்தே வரும்.

'வேர் தங்கிவிடும்' என்பது பற்றி ஒரு விளக்கம். கதிர்வீச்சு கட்டியைக் கரைத்துவிடுவதில்லை. செல்லின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. அந்தச் செல் அடுத்த முறை பிரிய முயலும்போதுதான் மடிகிறது. ஆகவே கட்டி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மெல்லச் சுருங்கும். கடைசியில் செத்த தழும்பாக ஒரு மேடு அங்கேயே இருக்கும். ஸ்கேனில் 'இன்னும் நான்கு மில்லிமீட்டர் இருக்கிறது' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மேடு இருப்பது பிழையல்ல, மேடு வளர்வதே பிழை. அந்தப் பிழையும் நேரக்கூடும்: மேற்சொன்ன ஆய்வில் ஐந்தாண்டுக்குள் நூற்றில் பத்துப் பேருக்குக் கட்டி மீண்டும் வளர்ந்தது அல்லது கட்டுப்படவில்லை, நூற்றில் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு அதனாலோ வலியாலோ கண்ணைப் பிறகு எடுக்க நேர்ந்தது. அப்படி மீண்டும் வளர்ந்தவர்களுக்கு உடலில் பரவும் வாய்ப்பும் சற்று அதிகம். அதனால்தான் தகடு வைத்துக்கொள்பவர் சொன்ன நாளில் தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம்.

இங்கேதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண் காப்பாற்றப்படுவதும் பார்வை காப்பாற்றப்படுவதும் ஒன்றல்ல. சிகிச்சைக்கு முன் பேசும்போது இதைப் பல குடும்பங்கள் கேட்டும் கேளாததுபோல் கடந்துவிடுகின்றன. இரண்டாண்டு கழித்துப் பார்வை மங்கும்போது, சிகிச்சை தோற்றுவிட்டது என்று நொந்துபோகிறார்கள். கட்டிக்குள் பாயும் கதிர் அதன் அக்கம்பக்கத்து விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களையும் அரிக்கிறது. ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் அக்குழாய்கள் கசியும், அடைபடும். பார்வை நரம்பு வாடலாம், கண்புரை வரலாம், கண் அழுத்தம் ஏறலாம். ஆய்வில் தகடு வைத்த கண்களில் நூற்றுக்கு 43, மூன்றாண்டு முடிவில் 6/60 (இயல்பான கண் அறுபது மீட்டரிலிருந்து காண்பதை ஆறு மீட்டருக்கு வந்தால்தான் காணும் நிலை) அல்லது அதற்கும் குறைந்த பார்வைக்கு வந்துவிட்டன. யாருக்கு இது அதிகம் நேர்ந்தது என்றும் அந்த ஆய்வு கண்டது: கட்டி தடிமனானவர்களுக்கு, பார்வை மையத்தின் அருகில் கட்டி உள்ளவர்களுக்கு, விழித்திரை விலகியிருந்தவர்களுக்கு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. சகோதரி, இந்நான்கில் மூன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. விழித்திரை விலகல் உண்டா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கசிவுக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகள் இப்போது இருக்கின்றன. அவை இழப்பைத் தள்ளிப்போடுகின்றன, சிலருக்குக் குறைக்கின்றன. ஆயினும் வலக்கண்ணில் இன்றிருக்கும் பார்வை மூன்றாண்டுக்குப் பின்னும் இருக்கும் என்று அம்மாவிடம் யாரும் உறுதி கூற வேண்டாம்.

கண்ணை எடுப்பதைப் பற்றியும் இதே நேர்மையுடன் சொல்ல வேண்டும், ஏனெனில் கேள்விப்பட்டுப் பயப்படும் அளவுக்கு அது கொடியதல்ல. முழு மயக்கத்தில் விழிக்கோளத்தையும் பார்வை நரம்பின் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் உருண்டையான உள்வைப்பு ஒன்றைப் பொதிந்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதன்மேல் தைத்துவிடுவோம். இமை, இமைமயிர், புருவம் எல்லாம் அப்படியே இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் புண் ஆறியபின் செயற்கைக் கண் பொருத்துவார்கள். அது கோலிக்குண்டு போல் உருண்டையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கிண்ணத்தின் சில்லு போல் மெல்லியதோர் ஓடு. அதைச் செய்பவர் நோயாளியை எதிரில் உட்கார வைத்து, மறு கண்ணைப் பார்த்துப் பார்த்து அதன் நிறத்தைத் தூரிகையால் தீட்டுவார்; வெண்பகுதியில் இரத்த நரம்புகள் தெரிவதற்காகச் சிவப்பு நூலிழையைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவார். வயதானவருக்கு வெண்பகுதியில் கொஞ்சம் மஞ்சளும் சேர்ப்பார். தசைகள் உள்வைப்போடு சேர்ந்திருப்பதால் அந்தக் கண் ஓரளவு அசையவும் செய்யும். எடுத்த கண் ஆய்வகத்துக்குப் போகும். கட்டி எத்தகையது என்று முழுமையாகத் தெரிந்துவிடும்.

இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது முதல் சில வாரம் தண்ணீர் தம்ளருக்கு வெளியே போகும். செம்பின் விளிம்பைத் தம்ளரின் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றப் பழகிவிட்டால் சரியாகும். படியிறங்கும்போது கடைசிப் படி ஏமாற்றும். வலப்பக்கமாக வருபவர் திடீரென்று முளைத்ததுபோல் தோன்றுவார். சில மாதங்களில் மூளை இதற்கெல்லாம் வேறு குறிப்புகளைக் கற்றுக்கொள்கிறது. இல்லாத கண்ணில் ஒளியோ உருவமோ தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். அது மனநோயல்ல, பயப்பட வேண்டாம். இருக்கும் கண்ணுக்கு உடையாத வில்லையுள்ள கண்ணாடி அணிவிப்பது எந்தச் சிகிச்சையானாலும் அவசியம்.

இன்னொரு செய்தி எனக்கே வியப்பளித்தது. அதே ஆய்வில் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையையும் மனநிலையையும் தொடர்ந்து கேட்டறிந்தார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் வண்டி ஓட்டுவதிலும் பக்கப் பார்வையிலும் தகடு வைத்தவர்கள் நன்றாக இருந்தார்கள். பார்வை மங்க மங்க அந்த நன்மை தேய்ந்து, பிறகு இரு பிரிவினரும் ஒன்றாகிவிட்டார்கள். ஆனால் மனப்பதற்றம் தகடு வைத்தவர்களிடமே அதிகமாக நீடித்தது. கட்டி இன்னும் உள்ளே இருக்கிறது என்ற நினைப்பு ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னும் அவர்களைத் தூங்கவிடவில்லை போலும். ஆகவே நோயாளியின் இயல்பும் இங்கே ஒரு மருத்துவக் காரணமே.

என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். கட்டி பார்வை நரம்பைச் சூழ்ந்திருந்தாலோ, விழியை விட்டு வெளியே கணிசமாக வந்திருந்தாலோ, கண் ஏற்கெனவே பார்வையிழந்து வலித்தாலோ நான் எடுக்கவே சொல்லியிருப்பேன். உங்கள் கடிதப்படி அவை எதுவும் இல்லை. தகடு வைத்துப் பார்த்து, தேவை வந்தால் பிறகு எடுக்க முடியும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இடக்கண் நன்றாக இருப்பதால், வலக்கண் பார்வை குறைந்தாலும் அம்மாவின் அன்றாடம் ஓடும். எனவே, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர முடியும், ஊசிகளைத் தாங்கிக்கொள்ள முடியும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியும் என்றால் அயோடின் தகட்டை நான் முதலில் முன்வைப்பேன். இந்த அலைச்சலும் காத்திருப்பும் வேண்டாம், ஒரே முறையில் முடித்துவிட வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதையும் அறிவான முடிவாகவே மதித்துக் கண்ணை எடுப்பேன். இரண்டாவதைத் தேர்ந்தவர் உயிர் வாய்ப்பில் எதையும் இழப்பதில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை. நான் எழுதியது பெரியவர்களுக்கு வரும் மெலனோமாவுக்கு மட்டுமே பொருந்தும். குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்று முற்றிலும் வேறு நோய். அங்கே மருந்துச் சிகிச்சையே பெரும்பாலும் முன்னால் நிற்கும், மரபுவழி நோயுள்ள குழந்தைக்கு வெளிக்கதிர்வீச்சு பிற்காலத்தில் வேறு புற்றுகளை வரவழைக்கக்கூடும். குழந்தையின் பாவை வெண்மையாகத் தெரிந்தால் இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சிகிச்சைக்கு முன் கல்லீரல் ஸ்கேன் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எடுக்கவில்லையென்றால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் அது குறித்த இடைவெளியில் தொடர வேண்டும். தகடு வைக்கும் அறுவையின்போதே மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்து, மரபுப்பொருளைச் சுமக்கும் குரோமோசோம்களில், இரண்டாக இருக்க வேண்டிய மூன்றாம் குரோமோசோம் ஒன்றாகக் குறைந்திருக்கிறதா என்று சோதிக்க முடியும். பரவும் வாய்ப்பை அது ஓரளவு முன்கூட்டியே சொல்லும், கல்லீரலை எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பது என்று முடிவு செய்யவும் உதவும். அந்த விடையைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் மாமா என்ன சொல்கிறார், அண்ணன் என்ன சொல்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்ற வரி மட்டும் இல்லை. அடுத்த முறை போகும்போது ஸ்கேன் படங்களையும் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். கட்டியின் ஓரத்துக்கும் பார்வை நரம்புக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, கட்டியின் ஓரத்துக்கும் பார்வை மையத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்கு எதிரே உள்ள நாற்காலியில் அம்மாவை உட்கார வையுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.